விற்கிற வீட்டில் பாட்டுப் போடக்கூடாது

பழைய இசைத்தட்டு வாங்குவது எப்படி என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் எர்ணாகுளத்தில் தட்டுச் சேர்க்கும் இளைஞர்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ஒரு தட்டைக் கையில் கொடுத்தால் அப்பளம் வாங்குவதுபோல வாங்குகிறார்கள். மட்டாஞ்சேரி யூதர் தெருவான ஜூ டவுனில் ஒருவன் வெறும் உறையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி விலை சொல்கிறான். உள்ளே தட்டு எங்கே என்று கேட்டேன். தட்டு எதற்கு, இது அலங்காரத்துக்கு என்றான். சரி, அவன் பிழைப்பு அவனுக்கு.

எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இசைத்தட்டின் மேல் பெரிய பிரியம் எதுவும் இருந்ததில்லை. அந்த வேலையில் எனக்கு மிஞ்சியது இடுப்பு வலி. நூறு தட்டை ஒரு மூட்டையாகக் கட்டி மட்டாஞ்சேரியின் குறுகல் மாடிப்படிகளில் தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், சங்கீதம் எவ்வளவு கனம் என்று. படுக்க வைக்கக்கூடாது, வெயில் படக்கூடாது, மழை படக்கூடாது, எதிலும் சாயக்கூடாது. பச்சைக் குழந்தைக்குக்கூட இவ்வளவு பத்தியம் கிடையாது.

எங்கள் குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து சுக்கு மூட்டையோடு மூட்டையாகக் கொச்சிக்கு வந்தது. அப்பா பஜார் ரோட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். அந்தக் கிடங்கின் மாடியில் மீரான் ராவுத்தர் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா என்னை மாடியேற்றிவிட்டு, கீழே இருந்தால் நெஞ்சில் சுக்குத் தூசி அடையும், மேலே பிழைத்துக்கொள் என்றார். முதல் சில வருடங்கள் துடைத்தேன், அடுக்கினேன், திட்டு வாங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ராவுத்தர் பாலக்காட்டுத் தமிழர். பெரிய உருவம், சின்னக் குரல். யாரையும் அதட்டிப் பேசியதில்லை. ஆனால் தட்டின் மேல் ஒரு விரல் ரேகை கண்டால் அன்று முழுக்க உங்களோடு பேசமாட்டார். அடித்தால்கூடத் தேவலாம் என்று இருக்கும். பாட்டுக் கேட்கும்போது கண்ணை மூடமாட்டார், தலையாட்டமாட்டார். ஏதோ கோர்ட்டில் சாட்சி சொல்வதைக் கேட்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். பாட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்கிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். அவ்வளவுதான் அவர் ரசனை வெளியே தெரிகிற விதம்.

புதுத் தட்டு விற்பதில் எங்களுக்குப் பெரிய வரவு இல்லை. வீடுகளில் பழையது வாங்கி விற்பதில்தான் கடை ஓடியது. வாங்க ஆளுக்குப் பஞ்சமில்லை. சாயங்காலமானால் மட்டாஞ்சேரி மாடியறைகளில் பாய் விரித்து, ஆர்மோனியம் வைத்துக் கஜல் பாடும் கூட்டங்கள் இருந்தன. பகலில் மூட்டை தூக்குகிறவரும் தையல்காரரும் அங்கே பாடகர்கள். பாட்டைப் பாடம் பண்ணத் தட்டு வேண்டும். கடைக்கு வந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, கடைசியில் வாங்காமலே பாட்டைக் கொண்டுபோய்விடுகிற கெட்டிக்காரர்களும் உண்டு.

எந்த வீட்டில் தட்டு விலைக்கு வரும் என்று கண்டுபிடிப்பது தனி வேலை. ஏலூர்த் தொழிற்சாலைக் குடியிருப்பில் எந்த அதிகாரிக்கு மாற்றல், கோட்டைக் கொச்சியில் எந்தக் குடும்பம் கப்பலேறப் போகிறது என்று விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். எண்பதுகள் பிறந்ததும் அந்தச் சிரமம் குறைந்தது. துபாயிலிருந்து யார் வீட்டுக்கு டேப் ரிக்கார்டர் வந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும். டாக்ஸிக்காரர்களே சொல்லிவிடுவார்கள். கேசட் உள்ளே போன வீட்டிலிருந்து இசைத்தட்டு வெளியே வந்தே தீரும். கல்யாண வீட்டில் பந்தி முடியக் காத்திருப்பவர்கள்போல நாங்களும் சில வாரம் காத்திருந்துவிட்டுக் கதவைத் தட்டுவோம். எனக்கு அது பிடித்ததே இல்லை. சொன்னால் ராவுத்தர், "வேற எங்கயாவது சுக்கு மூட்டை தூக்குறியா தம்பி?" என்பார்.

வீட்டுக்குள் நுழைந்தால் எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் தண்ணீர் கேட்டுக் கை கழுவுவோம். எங்கள் துண்டிலேயே துடைப்போம். பிறகு நான் ஒவ்வொரு தட்டாக உறையிலிருந்து எடுப்பேன். விளிம்பும் நடுவிலுள்ள காகிதமும் தவிர வேறெங்கும் விரல் படாது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். அடுத்தது முக்கியம். நடுக் காகிதத்தில் அச்சடித்திருப்பதை உரக்க வாசிக்க வேண்டும். உறையில் இருப்பதை வாசிக்கக்கூடாது. எந்தப் பகுதி நன்றாக இருக்கிறது, எது கெட்டிருக்கிறது என்றும் உரக்கச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் "ஆமாம்" என்ற பிறகுதான் அடுத்த தட்டு. ஒருமுறை ஒரு குஜராத்தி வீட்டில், நாங்கள் ஒன்றைச் சொல்லி வேறொன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டதாகப் பேச்சு வந்து, ராவுத்தர் அவமானத்தில் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. அதிலிருந்து வந்த வழக்கம் இது.

தட்டைச் சாய்த்துப் பார்ப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. எல்.பி. தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து பாட்டு. ஒவ்வொன்றும் ஒரு வளையமாகத் தெரியும், நடுவில் மெல்லிய இடைவெளி இருக்கும். போடாத பாட்டு நனைந்த கருங்கல்போலப் பளபளக்கும். அடிக்கடி போட்ட பாட்டு சாம்பல் பூத்துவிடும். எந்த வீட்டுக்கு எந்தப் பாட்டு உயிர் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். ஒரு வக்கீல் வீட்டில் கீர்த்தனைத் தட்டெல்லாம் கன்னங்கரேலென்று புதுசாக இருந்தன. ஒரே ஒரு சினிமாத் தட்டு சுடுகாட்டுச் சாம்பல் நிறத்தில் இருந்தது. ராவுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வக்கீல் சார் சங்கீதத்தை ரொம்பப் பத்திரமா வச்சிருக்கார்" என்றார். வக்கீலும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

இன்னொரு சட்டம், விற்கிற வீட்டில் பாட்டுப் போடக்கூடாது. தேய்ந்த ஊசி தட்டை உழுதுவிடும் என்று அதற்குக் காரணம் சொல்வார். அது உண்மைதான். ஆனால் அசல் காரணம் வேறு. கோட்டைக் கொச்சியில் ஆஸ்திரேலியாவுக்குப் போகிற ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் சாமானையெல்லாம் விற்று, கடைசியாக இசைத்தட்டுப் பெட்டியை எங்களுக்குப் பேசி முடித்திருந்தது. அப்போதெல்லாம் ராவுத்தர் ஒன்றிரண்டைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். போட்டார். காலியான கூடத்தில் அந்த வீட்டுக்காரரும் மனைவியும் திடீரென்று கைகோத்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, ஒன்றுகூடத் தரமாட்டேன் என்று அழுதாள். வெறும் சாக்கோடு திரும்பினோம். கப்பலில் இடமில்லை என்று அதே பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். "பாட்டைப் போட்டா அது மறுபடியும் அவங்க சாமான் ஆயிரும் தம்பி. போடாத வரைக்கும்தான் அது வெறும் தட்டு" என்றார் ராவுத்தர். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் ஊசி வைத்ததில்லை, ஆறுமுகம் பிள்ளை வீட்டைத் தவிர.

ஆறுமுகம் பிள்ளையை எங்கள் தமிழ்க்காரர்களில் தெரியாதவர் கிடையாது. மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் தலைமைக் கணக்கர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் நடந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். மனைவி போய்ச் சேர்ந்து பல காலம் ஆகியிருந்தது. மூத்த மகன் மஞ்சள் காமாலையில் இளவயதிலேயே இறந்துபோனான். அவன் மனைவி செண்பகம் அந்த வீட்டிலேயே மாமனாருக்குச் சோறு பொங்கிக்கொண்டு இருந்தாள். பிள்ளை கெட்டவர் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு, வருடத்துக்கு இரண்டு சேலை, கோயிலுக்குப் போக அனுமதி. ஆனால் புருஷன் போனவள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் மனத்தில் ஒரு சட்டம் வைத்திருந்தார். அதில் எங்கேயாவது பிசகினால் தென்காசிக்கு அனுப்பிவிடுவேன் என்று ஒருமுறை தெருவே கேட்கச் சொன்னவர். ஜன்னலில் நின்று கல்யாண ஊர்வலம் பார்த்ததற்கு அந்தப் பேச்சு. தென்காசியில் அவளுக்கு இருந்தது ஒரு அண்ணன், கடிதம்கூடப் போடாத அண்ணன். அவள் போக இடமில்லாதவள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இளைய மகன் துபாயிலிருந்து டேப் ரிக்கார்டர் அனுப்பினான். எங்கள் பந்தி வந்தது என்று நானும் ராவுத்தரும் ஒரு காலை நேரம் போனோம். பிள்ளைக்கு அப்போது ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். தடிக் கண்ணாடி. ஆள் தெரியும், எழுத்துத் தெரியாது. கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். சுவரோரம் ரேடியோவும் தட்டுப் போடுகிற மிஷினும் ஒன்றாயிருக்கிற ரேடியோகிராம், அதன் பக்கத்து அலமாரியில் தட்டுகள்.

"இரியும் ராவுத்தரே. இளையவன் பெட்டி கொடுத்து விட்டிருக்கான். இனி இதெல்லாம் எதுக்கு? கரையான் தின்னதுக்கு முன்ன கொண்டு போயிரும். ரேடியோகிராம் இருக்கட்டும், நியூஸ் கேக்கணும்."

"ஆகட்டும் அண்ணாச்சி."

"இதுல சினிமா ஒண்ணும் கிடையாது கேட்டீரா. மூத்தவன் வாங்கிக் கூட்டினதை எல்லாம் அவன் போன கையோட கொளுத்தச் சொல்லிட்டேன். இவதான் கொளுத்தினா. முத்தத்துல புகையை நான் பார்த்தேன். இப்ப இருக்கது சாமி காரியம் மாத்திரமாக்கும்."

செண்பகம் அடுக்களைக் கதவருகே நின்றிருந்தாள். எனக்கு மூத்தவள், நாற்பதை நெருங்கியிருக்கலாம். கை கழுவத் தண்ணீர் கொடுத்தபோது எங்கள் பக்கம் பார்க்காமல் அலமாரியையே பார்த்தாள். வயதானவரோடு தனியாக இருக்கிறவள், ஆட்களைக் கண்டால் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்திப் பாடல்களை எடுத்தேன், சாய்த்துப் பார்த்தேன், வாசித்தேன். பிள்ளை "ஆமாம், ஆமாம்" என்றுகொண்டே வந்தார். அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு உபன்யாச வரிசை இருந்தது. தடித்த உறைகள், ஒவ்வொன்றிலும் ஒரே சாமி படம். கம்பெனியில் பணி முடிந்தபோது கொடுத்த பரிசாம். அதில் நான் கை வைத்ததும் செண்பகம் வாய் திறந்தாள்.

"மாமா, அந்த உபன்யாசத்தைக் கொடுக்க வேண்டாம். அது வீட்டுல இருக்கட்டும்."

"அதான் கேசட்டாவே வந்தாச்சே. நீ போய் இவங்களுக்குச் சாயா எடு."

"மாமா, சாமி காரியம்..."

"சாயா எடுன்னேன்."

அவள் போகவில்லை. நான் முதல் உறையைத் திறந்தேன். உபன்யாசம். வாசித்தேன். இரண்டாவதும் உபன்யாசம். மூன்றாவது உறையிலிருந்து தட்டை உருவியபோது நடுக் காகிதத்தின் நிறமே வேறாக இருந்தது. சினிமாப் படத்தின் பெயர். காதல் பாட்டுகளுக்குப் பேர்போன படம். வரிசையில் மிச்சம் இருந்தவை இன்னும் மூன்று உறைகள். அவற்றுக்குள் என்ன இருக்கும் என்று திறக்காமலே எனக்கு விளங்கிவிட்டது.

முற்றத்தில் அவள் எதைக் கொளுத்தியிருக்கிறாள் என்றும் விளங்கியது. அட்டை உறைகளைக் கொளுத்தியிருக்கிறாள். கிழவர் பார்த்தது அட்டைப் புகை. புருஷனுடைய தட்டுகளில் நாலை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை எங்கேயோ அப்புறப்படுத்திவிட்டு, யாரும் முதல் தட்டுக்கு மேல் கேட்காத உபன்யாசத்தின் உறைகளுக்குள் போட்டிருக்கிறாள். அந்த உபன்யாசத் தட்டுகள் எங்கே போயின என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கிழவர் சாயங்காலம் கோயிலுக்குப் போகிற நேரத்தில், ஜன்னலை அடைத்துவிட்டுக் கேட்டிருப்பாள். எங்கள் வரவு அவளுக்கு அன்று காலையில்தான் தெரிந்திருக்கும். எடுத்து ஒளிக்க நேரமில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கதவு நிலையைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதிரி ஒரு பயத்தை நான் அதற்கு முன் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

"வாசி தம்பி" என்றார் ராவுத்தர்.

தட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். இத்தனை வருட வழக்கத்தில், காகிதத்தில் இருப்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல எனக்கு வராது. ராவுத்தர் கையை நீட்டித் தட்டை வாங்கினார். காகிதத்தைப் பார்த்தார். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். வெளிச்சத்தில் சாய்க்கவே இல்லை.

"இது வேண்டாம் அண்ணாச்சி. கீறல். இந்த வரிசையில மிச்சமும் வேண்டாம்."

தட்டைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அதுதான். ஆனால் பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். தப்பான பொய்யாகச் சொல்லிவிட்டார்.

"கீறலா?" பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓய், அதை நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லையே. போடாத ரிக்கார்டுல கீறல் எங்கேருந்து வரும்?" பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். "நீ போட்டியா?"

"இல்ல மாமா."

"பின்னே யாரு போட்டா?"

"போடாமலும் வரும் அண்ணாச்சி. ஈரம், பூஞ்சணம்..." என்றார் ராவுத்தர்.

"என் வீட்டுச் சாமானை ஈரத்துல வச்சிருக்கேன்னா சொல்லுதீரு? போட்டுக் காட்டும். அந்தா இருக்கு மிஷின். கேட்டுட்டுச் சொல்லுதேன் கீறலா இல்லையான்னு."

"விற்கிற வீட்டுல நாங்க பாட்டுப் போடறது இல்லை அண்ணாச்சி. எங்க கடை வழக்கம்."

"அப்படின்னா ஒண்ணையும் எடுக்காண்டாம். எர்ணாகுளத்துல வேற கடையா இல்ல? நாளைக்கு வரச் சொல்லுதேன். அவன் வாசிச்சுக் காட்டட்டும்."

அதுதான் சிக்கல். நாங்கள் எழுந்து போய்விட்டால் நாளை வேறொருவன் வந்து அதே உறையைத் திறப்பான். அவனுக்கு இவளைத் தெரியாது. திறந்ததும் படத்தின் பெயரைச் சிரித்துக்கொண்டே சொல்வான். அதற்குள் அவள் எடுத்து மறைத்தால், வரிசை எங்கே என்று கிழவர் கேட்பார். சந்தேகம் விழுந்துவிட்டது, இனி விடமாட்டார். ராவுத்தருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். தட்டோடு எழுந்தார்.

ரேடியோகிராம் முன்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் உருவத்துக்கு அந்த மிஷினே மறைந்துபோயிற்று. மூடியைத் தூக்கினார். தட்டை அப்போதுதான் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார், மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். பயத்தில் நேரம் கடத்துகிறார் என்று நினைத்தேன். ஒரு வரி பாட்டு வெளியே வந்தால் போதும், அவள் கதை முடிந்தது. தட்டை வைத்தார். சுழலவிட்டார். ஊசித் தலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

பிறகு வந்த சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பெரிய ஒலிபெருக்கி அது. தகரக் கூரையை இரும்பால் பிறாண்டினமாதிரி வீடே கூசியது. அவர் விரலை எடுக்கவில்லை. ஊசியை முன்னும் பின்னும் இழுத்தார், மறுபடியும் இழுத்தார். நடுவில் எங்கேயோ ஒரு துணுக்கு வயலின் கேட்டது. கிழவருக்கு அது பிடிபடவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"போதும் ஓய்! போதும்! நிறுத்தும்!"

நிறுத்தினார். ஒரு விரல் ரேகைக்காக என்னோடு நாள் முழுக்கப் பேசாமல் இருந்த மனிதர் அவர். நான் செண்பகத்தைப் பார்த்தேன். அவள் முகத்தில் தப்பித்தோம் என்கிற நிம்மதி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள். அவளுக்கு மிச்சம் இருந்ததை அவள் கண்முன்னாலேயே அறுத்துவிட்டோம். எனக்கு ராவுத்தர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. ஆனாலும் வந்தது.

அவர் தட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "பார்த்துச் சொல்லு தம்பி. முறைப்படி சொல்லு."

வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்தேன். வெளி விளிம்பையொட்டி, முதல் பாட்டின் வளையம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிழிந்திருந்தது. அந்தப் பாட்டு அதுவரை பளபளவென்று இருந்திருக்கும், யாரும் போடாத பாட்டு. கீறல் இடைவெளிக் கோடுவரை வந்து அங்கேயே நின்றிருந்தது. ஒரு நூல்கூடத் தாண்டவில்லை. உள்ளே மூன்றாவது வளையம் சாம்பல் பூத்துக் கிடந்தது. எத்தனை சாயங்காலம் சுற்றினால் ஒரு பாட்டு அப்படி வெளுக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்கத்தான் அவர் சாய்த்திருக்கிறார். அவள் பாட்டு எது என்று தெரிந்துகொண்டு, அதை விட்டுவிட்டு, வேறொன்றை அறுத்திருக்கிறார்.

முறைப்படி உரக்கவே சொன்னேன். "முதல் பகுதி போச்சு. ரெண்டாவது நல்லாருக்கு. மூணாவது நல்லாருக்கு. மூணாவதுல ஒரு கீறல்கூட இல்லை. நாலாவதும் சுத்தம்."

செண்பகம் கண்ணைத் திறந்தாள். அதுவரை என் வாயைப் பார்த்தவள் இப்போது என் முகத்தைப் பார்த்தாள்.

"மூணாவது?" என்றாள்.

"ஆமாக்கா. மூணாவது அப்படியே இருக்கு."

"ஒரு பகுதி போனாப் போனதுதானே" என்றார் பிள்ளை, சலிப்போடு. ராவுத்தர் சொன்னது உண்மையாகிவிட்டதில் அவருக்கு வெட்கம். "ராவுத்தரே, நான் சொன்னதை மனசுல வைக்காதீரும். விலை போகாதுன்னா விட்டிரும். சாமி காரியம், தூக்கி எறியப்படாது. ஏட்டி, நீயே உள்ள கொண்டு வை."

நான் தட்டை அதன் உறைக்குள் போட்டேன். அவள் வந்து அந்த நாலு உறைகளையும் எடுத்துக்கொண்டாள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி உள்ளே போனாள். போகும்போது ராவுத்தர் பக்கம் திரும்பி நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். கும்பிடக் கை ஒழியவில்லை. தலையை மட்டும் தாழ்த்தினாள். அவர் பார்க்காததுபோல எங்கள் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

மிச்சத் தட்டுகளுக்கு விலை பேசி, கட்டித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். வழக்கமாக ராவுத்தர் மூட்டையைத் தொடமாட்டார். அன்று பாதியை வாங்கிக்கொண்டார். பஜார் ரோட்டில் ஒரு சாயாக் கடையில் உட்கார்ந்தோம். அவர் கிளாஸைத் தொடாமல் கட்டைவிரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கோ பேச்சு முட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு இந்த மனிதர் ஏன் பிணம் தூக்கி வந்தவர்போல உட்கார்ந்திருக்கிறார் என்று இருந்தது.

"முதலாளி, அந்த அக்காவுக்கு விளங்கிருச்சு. அவங்க பாட்டு தப்பிச்சிருச்சுன்னு விளங்கிருச்சு."

"விளங்கிச்சா?"

"முகத்தைப் பார்த்தேனே."

தலையாட்டினார்.

"முதல் பாட்டைப் பாடினவளும் உயிரைக் கொடுத்துத்தானே தம்பி பாடியிருப்பா" என்றார். "அந்த வீட்டுல அவளை ஒருத்தரும் ஒரு தடவைகூடக் கேட்கல. இன்னிக்குத்தான் முதல் தடவையா ஊசி வச்சிருக்கு. அது நான் வச்ச ஊசி."